மெருகிடாத சாடி

சில ஆண்டுகளுக்கு முன் சீன தேசம் சென்று மீண்ட அன்பர் ஒருவர் எமக்குத் தேநீர்ச் சாடி ஒன்று கொணர்ந்து தந்தார். உள்ளங்கையில் அடங்கும் சிறிய சாடி. செம்மையும் ஊதாவும் கலந்த மண்ணிறம். பளபளப்பும் இல்லை, பூவேலையும் இல்லை. “இதற்காகவா இத்தனை பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தார்!” என்று எம் வீட்டார் வியந்தனர். ஒரு மாதம் சென்றபின், சாடியின் உட்புறம் கறுத்திருப்பதைக் கண்டு, நல்லெண்ணத்தோடு சவர்க்காரமிட்டுத் தும்பினால் தேய்த்துக் கழுவி வைத்தனர். அன்று தொடங்கிப் பல நாள் அச்சாடியில் ஊற்றிய தேநீரெல்லாம் சவர்க்காரமே மணத்தது. குற்றம் வீட்டாருடையதன்று, அப்பொருளின் இயல்பை அறிந்து சொல்லாத எம்முடையதே. பின்னர் அதனைப் பற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

இச்சாடிகளின் பிறப்பிடம் கிழக்குச் சீனாவில் ஜியாங்சு மாகாணத்திலுள்ள யீசிங் என்னும் ஊராகும். தைஹு என்னும் பேரேரிக்கு மேற்கே அமைந்த குயவர் பூமி அது. அங்கு கிடைக்கும் மண்ணைச் சீனர் ‘ஊதா மணல்’ என்னும் பொருள்படும் சொல்லால் வழங்குவர். ஊதா மட்டுமன்றி, செந்நிறத்திலும் வெளிறிய மஞ்சள் நிறத்திலும் அம்மண் உண்டு.

இச்சாடி தோன்றியதற்கும் தேநீர் அருந்தும் முறை மாறியதற்கும் தொடர்புண்டு. முற்காலச் சீனர் தேயிலையை அழுத்திக் கட்டிகளாக்கி, பின்பு அதனைப் பொடித்து, கிண்ணத்தில் நீரோடு கலக்கி அருந்தினர். 1391ஆம் ஆண்டில் மிங் வமிசத்தின் முதற் பேரரசர் தமக்குத் திறையாக வரும் தேயிலை கட்டியாக இருத்தல் வேண்டா, இலையாகவே இருக்கட்டும் என ஆணையிட்டார். இலையை வெந்நீரில் ஊறவைக்கும் வழக்கம் ஓங்கவே, ஊறவைக்க ஒரு சாடியும் வேண்டியதாயிற்று.

யீசிங்கின் முதற் கலைஞனாகப் போற்றப்படுபவன் ஒரு பணியாள். கொங் சுன் என்பது அவன் பெயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கல்விமான் ஒருவருக்கு ஏவல் செய்ய அவரோடு ஒரு பௌத்த மடத்தில் தங்கியிருந்தான் என்றும், அங்கிருந்த துறவி மண் வனைவதை மறைவாகப் பார்த்துப் பழகினான் என்றும், அவன் செய்த சாடியில் விரற்சுவடுகள் தெரிந்தன என்றும் வழிவழிக் கதை கூறும். கதையில் எவ்வளவு உண்மையோ, ஏவலாளன் ஒருவனைத் தம் கலையின் தலைமகனாக அவ்வூரார் இன்றளவும் கொண்டாடுவது நினைக்கத்தக்கது.

இனி, செய்முறையைப் பார்ப்போம். மண் என்கிறோமே தவிர, அகழ்ந்தெடுக்கும்போது அது கல்லாகவே இருக்கும். அதனை வெட்டவெளியில் பரப்பி, வெயிலும் மழையும் பனியும் படும்படி மாதக்கணக்கில் விட்டுவிடுவர். தானே உதிர்ந்த கல்லை அரைத்துச் சலித்து, நீர்விட்டுப் பிசைந்து, மரச் சம்மட்டியால் அடித்து, உள்ளிருக்கும் காற்றைப் போக்குவர். அதன்பின்னும் உடனே பயன்படுத்துவதில்லை. மூடி வைத்துப் பதப்படுத்துவர்.

நம்மூர்க் குயவர் சக்கரத்தைச் சுழற்றி, மண்ணை விரலால் எழுப்பி வனைவர். யீசிங் கலைஞனோ அவ்வாறு செய்வதில்லை. மண்ணைத் தட்டித் தகடாக்குகிறான். அதிலிருந்து நீண்ட பட்டையொன்றும் வட்டங்களும் வெட்டுகிறான். பட்டையை வளைத்து இருமுனைகளையும் இணைத்து உருளையாக்குகிறான். ஒரு கையின் விரல்களை உள்ளே கொடுத்துத் தாங்கி, மறுகையால் மரத்தட்டை கொண்டு வெளியே மெல்லத் தட்டத் தட்ட, நேராக நின்ற சுவர் சிறிது சிறிதாகக் குவிந்து வளைகிறது. அடியும் மேலும் வட்டங்களால் அடைபடுகின்றன. பின்பு மூக்கும் பிடியும் குழைத்த மண்ணால் ஒட்டப்படுகின்றன. இறுதியில், மாட்டுக்கொம்பைச் சீவிச் செய்த மெல்லிய தகட்டினால் மேற்பரப்பை வழித்து வழித்துச் சீராக்குகிறான். இக்கருவிகளுட் பலவற்றை அவனே தனக்கெனச் செய்துகொள்வான்.

சாடி செவ்வனே அமைந்ததா என்பதை எளிதில் அறியலாம். மூடியின் குமிழிலோ அருகிலோ ஒரு சிறு துளை இருக்கும். நீர் வார்க்கும்போது அதனை விரலால் அடைத்தால், நல்ல சாடியில் நீர் உடனே நின்றுவிடும். மூடி அத்துணை இறுக்கமாகப் பொருந்தியிருக்கிறது என்பதே அதன் பொருள்.

சூளையின் வெப்பம் 1100 முதல் 1200 பாகை வரை செல்லும். நமது தண்ணீர்ப் பானை இதனினும் மிகக் குறைந்த வெப்பத்தில் சுடப்படுவதால், நீர் கசிந்து குளிர்ச்சி தருகிறது. யீசிங் மண் கடும் வெப்பத்தில் இறுகிவிடுவதால் நீர் கசிவதில்லை. எனினும், நுண்ணிய துளைகள் எஞ்சி நிற்கின்றன. கண்ணாடிபோன்ற மெருகினை மேலே பூசினால் அத்துளைகள் அடைபட்டுவிடும். ஆதலின் உள்ளும் புறமும் மெருகிடாமலே விடுகின்றனர். தேநீரின் சாரத்தை மண் சிறிது சிறிதாக உட்கொள்வதற்கு இதுவே வழி. எம் வீட்டுச் சாடி சவர்க்காரத்தை உட்கொண்டதும் இவ்வழியாகவே!

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென் மான்ஷெங் என்னும் அறிஞர், யீசிங்கிற்கு அயலூரில் ஆட்சி அதிகாரியாக இருந்தார். அவர் சாடிகளின் வடிவை வரைந்தளிக்க, யாங் பெங்நியன் முதலிய கலைஞர் வனைந்தனர். அச்சாடிகளின் மேல் வாசகங்கள் பொறிக்கப்பட்டன. அறிஞரும் குயவரும் ஒரு பொருளில் தத்தம் முத்திரையை இட்டது அக்காலச் சமூகத்தில் சிறிய செய்தியன்று. அதற்கு முன்னரே, 17ஆம் நூற்றாண்டில், தேயிலை ஏற்றிய கப்பல்களில் இச்சாடிகள் ஐரோப்பாவை அடைந்திருந்தன. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் ஜேர்மானியரும் இவற்றைப் பார்த்துச் செம்மண் சாடிகள் செய்யப் பழகினர். நம் வீட்டு அலுமாரியிலுள்ள பீங்கான் சாடிக்கு இதுவே மூதாதை எனலாம்.

இத்தகைய சாடி ஒன்று உங்கள் கைக்கு வருமாயின், பேணும் முறை இதுவே. முதலில் வெறும் வெந்நீரில் நன்கு அலசி, மண்தூள் நீக்குக. புதிய மண்சட்டியைப் பழக்கியபின் சமைக்கும் நம் வழக்கம் போன்றதே இது. ஒரு சாடியில் ஒருவகைத் தேயிலையையே இடுக. மணமிகுந்த ஒன்றின் வாசம் மற்றொன்றில் ஏறும். பாலும் சீனியும் சாடிக்குள் ஒருபோதும் வேண்டா. அவற்றைக் கிண்ணத்தில் சேர்த்துக்கொள்க. அருந்தியவுடன் சக்கையை அகற்றி, வெந்நீரால் மட்டும் கழுவி, மெல்லிய துணியால் துடைத்து, மூடியைத் திறந்தே உலரவிடுக. சக்கையை இரவு முழுவதும் உள்ளே விட்டால் சாடி விரைவில் பழகும் என்பார் சிலர். பூஞ்சணம் பிடிப்பதே அதன் பயன். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் வழங்கிவர, மெருகிடாத மேற்பரப்பில் அடக்கமான ஒளியொன்று தானே படரும். நெடுங்காலம் பழகிய சாடியில் வெந்நீர் ஊற்றினாலே தேநீர் ஆகிவிடும் என்பது மட்டும் சற்று மிகையான பேச்சு!

அந்த ஒளியைக் காத்திருந்து பெற மனமில்லாதோர், சப்பாத்து மெருகைத் தேய்த்துப் புதிய சாடியைப் பழையதாக்கி விற்பதும் உண்டு. 2010ஆம் ஆண்டில், சாதாரண மண்ணில் இரசாயன நிறங்களைக் கலந்து யீசிங் சாடியென விற்பதைச் சீன அரசின் தொலைக்காட்சியே வெளிப்படுத்திற்று. புகழ்பெற்ற மஞ்சள் நாக மலையில் மண் அகழ்வதும் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. நல்ல மண் அரிதாக அரிதாக, போலிகள் பெருகுகின்றன. ஆதலின் மலிவான விலையையும் மிகுந்த பளபளப்பையும் கண்டு மயங்காதிருத்தல் நன்று.

யீசிங் கலைஞன் தன் சாடியைப் பாதி செய்து நம்மிடம் தருகிறான். மீதிப் பாதியை நாள்தோறும் வழங்கி நாமே செய்து முடிக்க வேண்டும். எம் வீட்டுச் சாடியைப் பலமுறை வெந்நீரில் ஊறவைத்தோம். வாரங்கள் பல சென்றபின் சவர்க்கார மணம் நீங்கிற்று. இப்போது அதன் பிடியருகே, கைபடும் இடத்தில், மெல்லிய ஒளி படரத் தொடங்கியிருக்கிறது. அதனைக் கழுவும் பொறுப்பை எம் வீட்டார் இன்று வேறெவருக்கும் விடுவதில்லை.