சீம்பாலும் கழுதைப் பாலும்

நம் நாட்டில் ஒரு குழந்தை பிறந்தவுடன் அதற்கு என்ன பால் கொடுப்பது என்கின்ற விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல உரிமையில்லாதவர் யார் என்று பார்ப்போமானால், பெற்ற தாய் ஒருத்திதான். பாட்டி ஒன்று சொல்லுவாள். ஜோசியன் ஒன்று சொல்லுவான். கழுதை ஓட்டி வருகின்றவன் ஒன்று சொல்லுவான். டப்பாப் பால் விற்கின்றவன் ஒன்று சொல்லுவான். இத்தனை பேருடைய புத்திமதியும் சேர்ந்து, குழந்தையின் வாயில் முதன்முதல் விழுவது சர்க்கரைத் தண்ணீராகவோ தேனாகவோ இருக்கின்றது. இதற்குச் சேனை வைப்பது என்று பெயர். நல்ல குணமுள்ளவர் தொட்டு வைத்தால் அந்தக் குணம் குழந்தைக்கு வருமாம். அப்படியானால் பி.ஏ. பாஸ் செய்தவர் ஒருவரைக் கொண்டு சேனை வைத்துவிட்டால் பள்ளிக்கூடச் செலவு மிச்சந்தானே? தேனிலுள்ள ஒருவகைக் கிருமி ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கக்கூடும் என்று வைத்தியர்கள் சொல்லுவதை மாத்திரம் கேட்பாரில்லை.

நிற்க, பிரசவமான முதல் இரண்டு மூன்று தினங்களில் தாய்க்குச் சுரக்கும் மஞ்சள் நிறமான கெட்டிப் பால்தான் சீம்பால். அளவில் கொஞ்சமாயினும் நோயை எதிர்க்கும் சக்தி அதில் நிறைய இருக்கின்றது. குழந்தை பிறந்த ஒரு மணி நேரத்திற்குள் தாய்ப்பால் கொடுக்கத் தொடங்கவேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. ஆனால் இன்றும் பல வீடுகளில் இது கெட்ட பால், குழந்தைக்குச் செரிக்காது என்று பீய்ச்சிக் கொட்டிவிடுகின்றார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே வீட்டில் மாடு கன்று போட்டால் கன்றுக்குச் சீம்பால் ஊட்டாவிட்டால் தேறாது என்பது எல்லோருக்கும் தெரியும். கன்று குடித்தது போக மிஞ்சியதை வெல்லம் போட்டு அவித்து ருசித்தும் சாப்பிடுகின்றார்கள். மாட்டின் விஷயத்தில் இவ்வளவு அறிவோடு நடந்துகொள்ளுகின்ற மக்களுக்குத் தங்கள் குழந்தை விஷயத்தில் மாத்திரம் அறிவு எங்கே போய்விடுகின்றது என்று கேட்கின்றோம்.

தாயின் பாலைச் சுவரோரம் கொட்டிவிட்டு, வீதியில் வருகின்ற கழுதையை நிறுத்தி ஒரு சங்குப் பாலுக்குப் பணம் கொடுக்கின்றார்கள். சீர், செவ்வாப்பு, தோஷம் எல்லாம் ஓடிப்போகுமாம். குரல் நன்றாய் வருமாம். கழுதைப் பால் குடித்தால் குரல் வருமென்றால், அதைத் தினமும் குடித்து வளரும் கழுதைக்குட்டியின் சங்கீதத்தை நாம் கேட்டுத்தானே இருக்கின்றோம்! கழுதைப் பாலின் புரதமும் சர்க்கரையும் தாய்ப்பாலை ஓரளவு ஒத்தவை என்பது உண்மையே. ஆனால் குழந்தை வளருவதற்கு வேண்டிய கொழுப்புச் சத்து அதில் மிகவும் குறைவு. அன்றியும் கறந்தபடியே, காய்ச்சாமல், தெருப் புழுதியில் புகட்டப்படுகின்றது. பிறந்த குழந்தைக்குக் காமாலை காணுவது சகஜம். அது அதிகமானால் ஆஸ்பத்திரியில் விளக்கொளியில் வைத்துக் குணப்படுத்துகின்றார்கள். கழுதைக்காரனை நம்பி நாலு நாள் தாமதித்தால் மூளையே கெட்டுப்போகக் கூடும்.

பசும்பால் புனிதமானது, அதைக் கொடுத்தால் என்ன என்பார்கள். பசுவின் பால் கன்றுக்காக ஏற்பட்டது. தாய்ப்பாலிலுள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று பங்கு புரதம் அதில் இருப்பதால் இளங்குழந்தையின் சிறுநீரகத்திற்கு அது பெரிய சுமை. இரும்புச் சத்தும் போதாமல் இரத்தசோகை வரும். தண்ணீர் கலந்தால் சரியாகிவிடும் என்பது குழந்தையைப் பட்டினி போடுகின்ற காரியமேயாகும். ஆகவே முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மாத்திரமே போதும், தண்ணீர்கூட வேண்டியதில்லை. பிறகு குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை இவற்றோடு இரண்டு வயது வரையிலும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். ஒரு வயதானபின் காய்ச்சிய பால், ஆடை எடுக்காமல், நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேற்படாமல் கொடுக்கலாம். பசுவா எருமையா என்று சண்டை வேண்டியதில்லை. புனிதம் என்பது பாலில் இறங்குகின்ற சத்து அல்ல.

இனி டப்பாக்காரர்களின் யோக்கியதையைப் பார்ப்போம். இனிப்பூட்டிய டப்பாப் பாலைக் குழந்தைகளுக்கு நல்லதென்று விற்றதனால் உண்டான சாவுகளைக் கண்டு, சிசிலி வில்லியம்ஸ் என்னும் வைத்திய அம்மையார் 1939-ல் சிங்கப்பூரில், இதைக் கொலையென்றே சொல்லவேண்டும் என்று பகிரங்கமாய்ப் பேசினார். அதற்கு 42 வருஷங்களுக்குப் பிறகுதான், 1981-ல், உலக சுகாதார சபை இந்த வியாபாரத்திற்கு விதிகள் செய்தது. நம் நாட்டில் 1992-ல் சட்டம் வந்து, 2003-ல் திருத்தப்பட்டது. அதன்படி இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவுக்கும் புட்டிக்கும் விளம்பரம் செய்யக் கூடாது; டப்பாவின்மேல் குழந்தைப் படமும் போடக் கூடாது. தாய் இறந்துபோன இடத்திலும், வைத்தியர் தாய்ப்பால் கூடாதென்று சொன்ன இடத்திலும் பால் மாவு வேண்டியதுதான். அப்போதும் கொதித்த நீரில், டப்பாவில் கண்ட அளவு குறையாமல் கரைத்து, கழுவச் சிரமமான புட்டியை விட்டுக் கிண்ணத்தாலோ பாலாடையாலோ கொடுக்கவேண்டும். மாதக் கடைசியில் டப்பா தீர்ந்துவிடுமே என்று ஒரு கரண்டி குறைப்பதும் பட்டினிதான்.

சர்க்கார் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் தாய்ப்பால் வங்கி இருக்கின்றது. பல தாய்மார்கள் கொடுத்த பாலைச் சேர்த்து, 62.5 டிகிரி உஷ்ணத்தில் அரை மணி நேரம் வைத்து, குறைமாதக் குழந்தைகளுக்குப் புகட்டுகின்றார்கள். எந்த ஜாதிக்காரியின் பால் என்று அந்தச் சீசாவில் எழுதியிருப்பதில்லை. குடித்த குழந்தைகளும் கேட்பதில்லை!

இவ்வளவும் சொல்லிவிட்டு, பால் கொடுக்காத தாய்மார்கள்மேல் குற்றம் சுமத்த நாம் தயாராயில்லை. களத்திலும் செங்கல் சூளையிலும் கூலிக்குப் போகின்றவள் காலை 7 மணிக்குக் குழந்தையை விட்டுப் போனால், மாலை வரையில் அது எந்தப் பாலைக் குடிக்கும்? 1961-ம் வருஷத்துப் பிரசவ உதவிச் சட்டத்தை 2017-ல் திருத்தி, சம்பளத்தோடு 26 வாரம் லீவு என்றும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கின்ற இடத்தில் குழந்தைக் காப்பகம் என்றும் செய்தார்கள். அந்த 26 வாரம் ஆறு மாதக் கணக்குக்குச் சரியாகவே இருக்கின்றது. ஆனால் சூளைக்காரியின் பெயர் எந்தச் சம்பளப் புஸ்தகத்தில் இருக்கின்றது? சேனைக்கும், தொட்டிலுக்கும், பெயர் சூட்டுவதற்கும் கடன் வாங்கிச் செலவழிக்கின்ற தகப்பன்மார்கள், அந்தத் தொகையைக் கொண்டு எத்தனை வாரம் அவளைக் கூலிக்கு அனுப்பாமல் வைத்திருக்கலாம் என்பதை ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.