மாத்திரையை நிறுத்துவது தவக்குல் அன்று



"பிள்ளை உண்டாகியிருக்கும்போது மாத்திரை எதற்கு? வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. அல்லாஹ் பார்த்துக்கொள்வான்." நம் வீடுகளில் பெரியவர்கள் அன்போடு சொல்லும் சொல் இது. ஆனால் தைராய்டு சுரப்புக் குறைபாடுள்ள பெண் இதை நம்பி மாத்திரையை நிறுத்தினால், அந்த அன்பே குழந்தைக்குத் தீங்காக முடியக்கூடும்.

கருவில் வளரும் சிசுவுக்கு முதல் மூன்று மாதங்களில் சொந்தமாகத் தைராய்டு சுரப்பு இல்லை. பத்து, பன்னிரண்டு வாரங்களுக்குப் பிறகே அதன் சுரப்பி மெல்ல வேலை செய்யத் தொடங்குகிறது. அதுவரை அதன் மூளை வளர்ச்சிக்குத் தாயின் இரத்தத்திலிருந்து வரும் சுரப்பே ஆதாரம். ஆகவேதான் கருவுற்றவுடன் பலருக்கு மாத்திரையின் அளவை கால் பங்கு முதல் அரைப் பங்கு வரை கூட்ட வேண்டியிருக்கிறது. கூட்ட வேண்டிய நேரத்தில் நிறுத்துவது எத்தகைய அறிவீனம்! சிகிச்சை பெறாத கடுமையான குறைபாடு கருச்சிதைவுக்கும், குறைமாதப் பிரசவத்திற்கும், தாயின் இரத்தக் கொதிப்புக்கும், குழந்தையின் அறிவு வளர்ச்சிக் குறைவுக்கும் காரணமாகலாம்.

லெவோதைராக்ஸின் என்னும் அம்மாத்திரை உடலுக்கு அந்நியமான பொருளும் அன்று. அல்லாஹ் நம் கழுத்தில் அமைத்த சுரப்பி எதைச் சுரக்கிறதோ, அதையே அது ஈடுசெய்கிறது.

"கருஞ்சீரகம் போதாதா? ஓதி ஊதிய தண்ணீர் போதாதா?" என்று சிலர் கேட்கின்றனர். கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. துஆவின் வலிமையையும் மறுக்கவில்லை. ஆனால் கருஞ்சீரகத்தைச் சிறப்பித்துக் கூறிய அதே நபி (ஸல்) அவர்கள்தாம், உபை இப்னு கஅப் (ரலி) அவர்களுக்கு மருத்துவரை அனுப்பி வைத்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவனை நம்பச் சொன்னவர்களும் அவர்களே. ஒட்டகத்திற்கே கயிறு வேண்டுமெனில், அமானிதமாகக் கிடைத்த உயிருக்கு மருந்து வேண்டாமா?

ரமளானில் இன்னொரு தவறும் நிகழ்கிறது. மருத்துவர் நோன்பு வேண்டாம் என்று சொல்லியும், ஊராரின் பேச்சுக்கு அஞ்சி நோன்பு நோற்கின்றனர். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் மார்க்கம் அளித்த சலுகையைக் குறை கூற நாம் யார்? மருத்துவர் அனுமதித்தால், ஸஹர் உணவுக்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பே வெறும் வயிற்றில் மாத்திரையை விழுங்கலாம். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளை நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். சேர்த்து விழுங்கினால் தைராய்டு மருந்து உடலில் சரியாகச் சேராது.

கணவன்மார்களே! ஏழாம் மாத விருந்துக்கு ஊரையே அழைத்துச் செலவு செய்கிறீர்கள். கர்ப்பத்தின் முற்பாதியில் நான்கு வாரத்திற்கு ஒருமுறை செய்ய வேண்டிய டி.எஸ்.எச். பரிசோதனையை மட்டும் வீண்செலவு என்கிறீர்கள். குடும்பத்தின் பொறுப்பாளரிடம் அப்பொறுப்பைப் பற்றிக் கேட்கப்படும் என்பதை மறந்துவிட்டீர்களா? ஜும்ஆ மேடைகளில் பேசும் ஆலிம்களும் இதை எடுத்துரைக்கட்டும். மாத்திரையின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் வேலை. மாமியாரின் வேலையோ அண்டை வீட்டாரின் வேலையோ அன்று.

சகோதரிகளே, பிஸ்மில்லாஹ் சொல்லி மாத்திரையை விழுங்குங்கள். பிறகு துஆச் செய்யுங்கள். தவக்குல் என்பது அதுவே. நம் தாய்மார்களுக்கும் சந்ததிகளுக்கும் அல்லாஹ் நற்சுகம் அருள்வானாக. ஆமீன்.