வாசலிலேயே தீர்ப்பு

சமையல் போட்டிகளில் தீர்ப்புச் சொல்ல என்னையும் கூப்பிடுகிறார்கள். சுவைக்கு இவ்வளவு, அலங்காரத்துக்கு இவ்வளவு என்று மதிப்பெண் தாள் தருகிறார்கள். சாதிக்கு அதில் கட்டம் கிடையாது. எதுக்கு? அது வாசலிலேயே தன் வேலையை முடித்துவிடுகிறதே!

‘பாரம்பரிய உணவு’ என்று பேனர். உள்ளே ஐயர் வீட்டுப் புளியோதரை உண்டு, செட்டிநாட்டுக் கோழி உண்டு. எங்க ஆயா வெயிலில் காயப்போட்ட மாட்டு உப்புக்கண்டம் எங்கே? ரத்தப் பொரியல் எங்கே? கேட்டால், ‘பொது நிகழ்ச்சிங்க, சிலபேர் மனசு புண்படும்’ங்கிறான். எங்க மனசு என்ன மரத்தாலா செஞ்சது? அதே மாடு நட்சத்திர ஓட்டல் தட்டில் ‘ஸ்டேக்’ என்று வந்தால் நாகரிகம். சேரி அடுப்பில் வெந்தால் நாற்றம்.

2022 மே மாதம் ஆம்பூரில் மாவட்ட நிர்வாகமே பிரியாணித் திருவிழா அறிவித்தது. மாட்டுக்கறி பிரியாணிக்கு மட்டும் இடமில்லை. அந்த ஊர்க் கடைகளில் அன்றாடம் விற்கிற பிரியாணி அது! எதிர்ப்புக் கிளம்பியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் ஆட்சியரிடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிப்போட்டார்கள்.

தோழர்களே, உணவுத் திருவிழா என்று எவன் அறிவித்தாலும் விதிகளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். எது கூடாது என்று எழுதியிருக்கிறதோ அங்கேதான் சண்டை. முதலில் எங்க சட்டி உள்ளே வரட்டும். தீர்ப்பை அப்புறம் நாக்கு சொல்லட்டும்.