கலெக்டரு பாடு பார்க்க மாட்டாரு

"கார்பேஜ் கலெக்டர் இருக்கிற மொழியில மெமரி கெடவே கெடாது"ன்னு நம்ம பொட்டி தட்டுற மக்கள் சொல்றதைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. கெடும் சாமி. நல்லாவே கெடும்.

எங்க பழவேற்காட்டு ஏரியில வலை கட்டுற இடத்துக்குப் 'பாடு'ன்னு பேரு. யாருக்கு எந்த இடம்னு சீட்டுக் குலுக்கி, முறை வச்சுப் பிரிச்சுக்குவாங்க. முறை தவறினா அன்னிக்கு வருமானம் அம்புட்டுதான். அந்தப் பட்டியலை 'கோ' மொழியில எழுதுறதா வச்சுக்குவோம்.

காலி ஸ்லைஸ்ல ஒவ்வொரு பேரா அப்பெண்ட் பண்றோம். கொள்ளளவு 1, 2, 4ன்னு இரட்டிக்கும். மூணு பேர் ஏறினதும் நீளம் 3, கொள்ளளவு 4. இப்ப அதே மூணு பேரோட பெரியப்பாவைச் சேர்த்து ஒரு குழு, மாமாவைச் சேர்த்து இன்னொரு குழு. அச்சடிச்சுப் பார்த்தா ரெண்டுலயும் மாமா! பெரியப்பாவைக் காணோம். காலியா கிடந்த நாலாவது இடம் ஒண்ணுதான், ரெண்டு அப்பெண்டும் அங்கேயே எழுதிடுச்சு. எர்ரர் இல்ல, பேனிக் இல்ல.

கொடுமை என்னன்னா, ஏற்கெனவே நாலு பேர் இருக்கிற பட்டியலை வச்சு டெஸ்ட் பண்ணினா எல்லாம் சரியா வரும். இடம் நிறைஞ்சதால ஒவ்வொரு அப்பெண்டும் புது அரேக்கு நகல் எடுத்துக்கும். அஞ்சு, ஆறு, ஏழுன்னா மறுபடி உதைக்கும். ரேஸ் டிடெக்டர்லயும் சிக்காது, ஓடுறது ஒரே கோரூட்டீன்தானே. கொள்ளளவையும் முதல் உறுப்போட முகவரியையும் சேர்த்து அச்சடிங்க. ரெண்டு குழுவுக்கும் ஒரே முகவரின்னா ஆள் மாட்டினாரு :-)

கலெக்டர் பாவம், யாருக்கும் எட்டாத இடத்தைக் காலி பண்றதுதான் அவரு வேலை. ஒரே இடத்தை ரெண்டு பேர் 'என்னுது'ன்னு நினைக்கிறதெல்லாம் அவரு கணக்குல வராது.

"டாக்குமெண்ட்ல போட்டிருக்கே"ம்பாங்க. போட்டிருக்கு. 2013ல வந்த 1.2ல கொள்ளளவையும் சேர்த்து வெட்டுற மூணு எண் ஸ்லைஸ் இருக்கு, 2023ல வந்த 1.21ல ஸ்லைசஸ்.க்ளோன் இருக்கு. ஆனா புதுசா வர்ற பையன் முதல்ல கத்துக்கிறது அப்பெண்டைத்தானே?

'டி' மொழியிலயும் இதே வியாதி இருந்துச்சு. 2010ல சரி பண்ணிட்டாங்க. அந்த மெமரித் துண்டுல எதுவரைக்கும் எழுதியாச்சுன்னு ரன்டைமே குறிச்சு வச்சுக்கும். நம்ம ஸ்லைஸ் அதுக்கு முன்னாடியே முடிஞ்சா, மேல எழுதாம நகல் எடுத்துடும். இல்ல, எனக்கு வேகம்தான் முக்கியம், மேலயே எழுதுன்னா, 'அஸ்யூம்சேஃப்அப்பெண்ட்'னு நாமளே கைப்பட எழுதிக் கேட்கணும்.