ஓடாத வரிகளின் கணக்கு

பல ஆண்டுகளாக என்னால் இயன்ற அளவு உழைத்துவரும் ஒரு திறமூல மென்பொருள் திட்டத்தின் பராமரிப்பாளர்கள், சென்ற மாதம் ஒரு புதிய விதியைப் பிரகடனம் செய்திருக்கிறார்கள். சோதனைகள் நடக்கும்போது மூல நிரலில் நூற்றுக்கு எத்தனை வரிகள் உண்மையில் ஓடுகின்றன என்பதைக் காட்டும் கவரேஜ் சதவீதத்தை இம்மியளவேனும் குறைக்கும் எந்தத் திருத்தமும் இனி ஏற்றுக்கொள்ளப்படாது என்பது அந்த விதியின் முதற்பகுதி. எந்த வரி எத்தனை முறை ஓடியது, எந்த வரி ஒருமுறைகூட ஓடவில்லை என்ற விரிவான பதிவுகளைத் திட்டம் இனித் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. அவற்றை வெளி நிறுவனம் ஒன்றின் சேவைக்கு அனுப்பிவிட்டு, அங்கிருந்து திரும்பிவரும் ஒரே ஓர் எண்ணை மட்டும் களஞ்சியத்தின் முகப்பில் பொறித்துக்கொள்ளும் என்பது இரண்டாம் பகுதி. நிர்வாகச் சௌகரியம் என்ற பெயரால் செய்யப்பட்டிருக்கும் இந்த ஏற்பாடு, சோதனை என்ற காரியத்தின் உத்தேசத்தையே தலைகீழாக்கிவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதைத் தனியே முணுமுணுப்பதால் பயனில்லை என்று கண்டே பகிரங்கமாக எழுதத் துணிந்தேன்.

விதி அமலுக்கு வந்த முதல் வாரத்திலேயே என்னுடைய திருத்தம் ஒன்று தடுக்கப்பட்டது. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு பகுதிகள் நிரலில் இருந்தன. இரண்டும் நன்றாகச் சோதிக்கப்பட்டவையே. அவற்றுள் ஒன்றை நீக்கி, எல்லா இடங்களிலும் மற்றதையே அழைக்கும்படி செய்தேன். நிரல் சுருங்கியது, தெளிவு கூடியது, சோதனைகள் அனைத்தும் முன்போலவே தேறின. ஆயினும், கவரேஜ் குறைந்துவிட்டது என்ற காரணத்தால் வாசலிலேயே நிறுத்தப்பட்டேன். கணக்குப் போட்டுப் பார்ப்பவர்களுக்கு இதில் ஆச்சரியம் இராது. 1,000 வரிகளில் 900 வரிகள் சோதனையில் ஓடுமானால் 90 சதவீதம், அந்த 900-இல் 100 வரிகளை நீக்கினால், மிஞ்சும் 900 வரிகளில் ஓடுபவை 800, சதவீதம் 88.9. ஓடாத வரிகள் முன்னும் 100, பின்னும் 100. ஆனால் ஒருவர் எந்தப் பிரயோஜனமும் இல்லாத 100 வரிகளை எழுதிச் சேர்த்து, அவை சோதனையில் ஓடும்படி மட்டும் பார்த்துக்கொண்டால், சதவீதம் 90.9 ஆக உயரும். அவருக்குக் கதவு திறக்கும். வீட்டைப் பெருக்கியவனைத் தண்டித்து, குப்பையைக் கொண்டுவந்து கொட்டியவனுக்குப் பரிசளிக்கும் விதி இது.

கவரேஜ் பதிவு என்பது என்ன என்பதை மறந்ததே இந்த விபரீதத்துக்கு மூலகாரணம். ஜிசிசி கம்பைலரோடு சேர்ந்து வரும் ஜிகவ் என்ற கருவியை எடுத்துக்கொள்வோம். நிரலைக் கம்பைல் செய்யும்போதே அதன் ஓட்டப் பாதைகளை விவரிக்கும் ஒரு கோப்பு உண்டாகிறது. சோதனை ஓடி முடியும்போது, எந்தப் பாதை எத்தனை முறை மிதிக்கப்பட்டது என்ற எண்ணிக்கை இன்னொரு கோப்பில் எழுதப்படுகிறது. சோதனையை மீண்டும் ஓட்டினால் அந்த எண்ணிக்கை பழையதோடு கூடிக்கொண்டே போகிறது. இடையில் நிரலைத் திருத்திவிட்டாலோ, பழைய எண்ணிக்கை புதிய நிரலுக்குப் பொருந்துவதில்லை. லினக்ஸுக்கு உரிய பகுதியை விண்டோஸ் சோதனை காணாது. விண்டோஸுக்கு உரியதை லினக்ஸ் காணாது. ஆகையால் பல இயந்திரங்களில் விளைந்த பதிவுகளை ஒன்றாகத் தொகுத்தால்தான் முழு உண்மை புலப்படும். லினக்ஸ் சோதனைத் திட்டத்தில் பிறந்த எல்கவ் என்ற கருவி இவ்வாறு பதிவுகளைச் சேர்த்துத் தருகிறது. பைத்தான் உலகின் கவரேஜ்.பை, 2019 டிசம்பரில் வெளிவந்த 5.0 பதிப்பு முதல், எந்தச் சோதனை எந்த வரியை ஓட்டியது என்பதையும் கூடவே பதிந்துவைக்க வல்லதாயிற்று. நிரலின் எந்தப் பதிப்பு, எந்தக் கம்பைலர், என்னென்ன தெரிவுகள், எந்த இயங்குதளம், எந்தெந்தச் சோதனைகள் என்ற ஐந்து விவரங்களும் இல்லாத கவரேஜ் எண், சர்வே எண்ணும் நான்கெல்லையும் எழுதப்படாத கிரயப் பத்திரத்தைப் போன்றது. அதில் கையெழுத்து இருக்கலாம், நிலம் எது என்று எவராலும் காட்ட முடியாது.

பதிவுக்கும் சதவீதத்துக்கும் இடையே உள்ள தூரத்தை 2014ஆம் ஆண்டு நமக்கு இருமுறை அளந்து காட்டியது. அவ்வாண்டு பிப்ரவரியில் ஆப்பிள் நிறுவனம் தன் இயங்குதளங்களின் பாதுகாப்பு நிரலில் இருந்த ஒரு பிழையை அவசரமாகத் திருத்தி வெளியிட்டது. பிழை நேர்ந்தால் வெளியேறு என்ற பொருள்படும் ஒரு தாவல் கட்டளை அங்கே அடுத்தடுத்து இருமுறை எழுதப்பட்டிருந்தது. முதலாவது நிபந்தனைக்கு உட்பட்டது. இரண்டாவதற்கு நிபந்தனையே இல்லை. ஆகவே ஓட்டம் எப்போதும் அவ்விடத்திலேயே தாவி வெளியேற, அதற்குக் கீழே இருந்த, சர்வரின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் வரிகள் எந்தச் சந்தர்ப்பத்திலும் ஓடவில்லை. வரிவரியான கவரேஜ் பதிவை எவரேனும் விரித்துப் பார்த்திருந்தால், அந்த வரிகளின் பக்கத்தில் நின்ற பூஜ்யம் முகத்தில் அறைந்திருக்கும். சதவீதமோ, ஆயிரக்கணக்கான வரிகளின் நடுவே நாலைந்து வரிகள் ஓடாததைத் தசமப் புள்ளிக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கும்.

சுமார் ஒன்றரை மாதம் கழித்து, ஏப்ரல் 7 அன்று, ஓபன்எஸ்எஸ்எல் நிரலின் ஹார்ட்பிளீட் என்ற பிழை வெளியாயிற்று. இங்கே நேர்ந்த தவறு, இருக்க வேண்டிய வரி இல்லாமற் போனது. தன் செய்தியின் நீளம் இவ்வளவு என்று எதிர்முனை சொல்வதை, உண்மையில் வந்துசேர்ந்த நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் சரிபார்ப்பு எழுதப்படவில்லை. ஆகவே ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை சர்வரின் நினைவகம் அந்நியர் கைக்குப் போக வழி ஏற்பட்டது. எழுதப்படாத வரியை எந்தக் கருவியும் எண்ணாது. அந்தப் பகுதியில் உள்ள வரிகள் யாவும் ஓடும்படி, ஒழுங்கான செய்திகளைக் கொண்டே சோதனை எழுதிவிடலாம், சதவீதம் நிறைந்துவிடும், பிழை அப்படியே இருக்கும். முதற்பிழையைக் காட்டியிருக்கக்கூடியது பதிவு. இரண்டாம் பிழைக்குப் பதிவும் போதாது, சிந்தனை வேண்டும். இரண்டிலும் சதவீதத்துக்கு ஒரு வேலையும் இல்லை.

இந்த விஷயத்தைப் பேசும்போதெல்லாம் நான் எஸ்கியூலைட் தரவுத்தளத்தைச் சுட்டாமல் இருந்ததில்லை, இன்றும் சுட்டுகிறேன். ரிச்சர்ட் ஹிப் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தச் சிறிய நிரல்தொகுதி நம் கைபேசிகளிலும் உலாவிகளிலும் குடியிருக்கிறது. சற்று முன் சொன்ன கவரேஜ்.பை கருவி தன் பதிவுகளைச் சேமித்துவைப்பதும் ஓர் எஸ்கியூலைட் கோப்பில்தான். 2023இல் வெளிவந்த 3.42.0 பதிப்பில் மூல நிரலின் அளவு ஏறத்தாழ 1,56,000 வரிகள். அதைச் சோதிப்பதற்கென்று எழுதப்பட்ட நிரலோ 9 கோடியே 20 லட்சம் வரிகள். ஒரு வரிக்கு 590 வரி! ஒரு வரி எழுதிய மனிதர் அதன் நன்மை தீமைகளை 590 வரிகளில் விசாரித்த பிறகே அதை உலகத்தின் கையில் கொடுக்கிறார் என்பதைச் சற்று நின்று நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரு நிபந்தனையின் ஒவ்வொரு உறுப்பும் முடிவைத் தனியே மாற்ற வல்லது என்று நிரூபிக்கும், விமானங்களின் உயிர்நாடியான மென்பொருளிடம் கேட்கப்படும் கடுமையான அளவுகோலில் இந்தத் திட்டம் 2009இல் நூற்றுக்கு நூறை எட்டியது.

நூற்றுக்கு நூறு என்றதும் நம் பராமரிப்பாளர்கள், எங்கள் கட்சிக்கு இதோ சாட்சி என்று எழுந்துவிடுவார்கள். ஆனால் அந்த நூறு எப்படிப் பேணப்படுகிறது என்று அவர்கள் பார்த்ததில்லை. ஒருபோதும் பொய்யாகாது என்று நம்பப்படும் நிபந்தனைக்கு ஒரு குறி, ஒருபோதும் மெய்யாகாது என்று நம்பப்படும் நிபந்தனைக்கு ஒரு குறி, எல்லை மதிப்புகளில் சோதனை நடந்தே தீர வேண்டும் என்பதற்கு இன்னொரு குறி என்று, ஓடாத வழிகளைப் பற்றிய தீர்மானங்கள் மூல நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றன. கவரேஜ் அளப்பதற்காகக் கம்பைல் செய்த நிரலும் பயனர் கைக்குப் போகும் நிரலும் ஒன்றல்ல என்பதை உணர்ந்து, அளந்து முடித்தபின் வெளியீட்டு வடிவத்திலும் அதே சோதனைகளை மறுபடி ஓட்டி, இரண்டு விடைகளையும் ஒப்பிடுகிறார்கள். இத்தனைக்கும் பிறகு, 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர் மிகாவ் ஸலெவ்ஸ்கி தாறுமாறான உள்ளீடுகளை இடைவிடாது செலுத்திப் பார்க்கும் தம் கருவியை எஸ்கியூலைட்டின் மீது ஏவியபோது, சுமார் அரைமணி நேர உழைப்பில் அதை நிலைகுலையச் செய்யும் 22 உள்ளீடுகள் அகப்பட்டன. ஒரு வரிக்கு 590 வரி எழுதும் திட்டத்துக்கே நூறு என்ற எண் அரண் ஆகவில்லை என்றால், ஒரு வரிக்கு இரண்டு வரிகூட எழுதாத திட்டங்கள் எண்பத்தைந்தையும் தொண்ணூறையும் வாசலில் காவலுக்கு நிறுத்துவதை என்னவென்று சொல்வது?

ஓர் அளவுகோல் இல்லாவிட்டால் தொண்டர்கள் சோதனையே எழுத மாட்டார்கள் என்கிறார்கள் விதியை ஆதரிப்பவர்கள். இது தொண்டர்களை அவமதிக்கும் வாதம். இதற்கு மேல் பதில் தேவையில்லை. கூகுள் 60, 75, 90 என்று மூன்று படிகளை வகுத்திருக்கிறதே என்கிறார்கள். சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கும் நிறுவனம் தன் வீட்டுக்குள் வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. மாலையில் களைத்து வந்து ஒரு மணி நேரம் ஒதுக்கும் தொண்டனின் கழுத்தில் அதை மாட்ட எவருக்கும் அதிகாரமில்லை. 2014இல் ஐந்து பெரிய ஜாவா நிரல்களின் மீது 31,000 சோதனைத் தொகுப்புகளை உருவாக்கி ஆராய்ந்த வாட்டர்லூ பல்கலைக்கழகத்தார், தொகுப்பின் அளவைச் சமன்செய்து பார்த்தால், கவரேஜுக்கும் பிழைகளைக் கண்டுபிடிக்கும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பு வலுவானதன்று என்று முடிவு கூறினார்கள். அத்துடன் இந்த விவகாரம் தீர்ந்திருக்க வேண்டும். தீர்வதை விரும்பாதவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிப்பட்ட விதி மனிதரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதைக் கண்ணால் பார்த்துவருகிறேன். சோதனை என்ற பெயரில் ஒரு பகுதியை அழைத்து ஓட்டிவிட்டு, வந்த விடை சரியா தவறா என்று கேட்காமலே திரும்பிவிடும் போலிச் சோதனைகள் பெருகுகின்றன. வரி ஓடியதால் எண் உயர்கிறது. டிஸ்க் நிரம்பிவிட்டால் என்ன செய்வது, வலைத்தொடர்பு பாதியில் அறுந்தால் என்ன செய்வது என்று கவலைப்படும் வரிகளைச் சோதிப்பது கடினம். ஆகையால் இந்த வரியை எண்ணாதே என்ற குறிப்பை அவற்றின் பக்கத்தில் எழுதிக் கணக்கிலிருந்தே அகற்றிவிடுகிறார்கள். ஆபத்துக் காலத்தில் காக்க வேண்டிய வரிகளே இவ்விதம் கண்காணிப்புக்கு வெளியே தள்ளப்படுகின்றன. எஸ்கியூலைட்டில் விலக்குக்குக் காரணம் குறியின் வடிவிலேயே எழுதப்படுகிறது. இங்கே விலக்கு மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை. இந்தப் பழிக்குத் தொண்டன் பொறுப்பாளியல்லன். அவனை அந்தச் சந்துக்குள் நெருக்கித் தள்ளிய விதியே பொறுப்பு.

பதிவுகளை வெளியார் கையில் ஒப்படைக்கும் இரண்டாம் பகுதியைப் பற்றி, 2021இல் நடந்ததை நினைவூட்டினால் போதும். கவரேஜ் பதிவுகளை ஏற்றுவதற்காகக் கோட்கவ் நிறுவனம் வழங்கிய பாஷ் ஸ்கிரிப்டைத் தீயவர்கள் ஜனவரி 31 முதல் இரகசியமாக மாற்றிவைத்தார்கள்; திட்டங்களின் சோதனை இயந்திரங்களில் இருந்த சாவிகளும் கடவுச்சொற்களும் வேற்றுச் சர்வருக்குக் கசிந்தன. ஒரு வாடிக்கையாளர் ஸ்கிரிப்டின் சரிபார்ப்புத் தொகையை ஒப்பிட்டுப் பார்த்து, அது பொருந்தவில்லை என்று சொல்லும்வரை, ஏப்ரல் 1 வரை, எவரும் அறியவில்லை. ஹாஷிகார்ப் போன்ற பெரிய நிறுவனமே தன் கையொப்பச் சாவியை மாற்ற நேர்ந்தது. ஒவ்வொரு முறை சோதனை ஓடும்போதும் வலையிலிருந்து ஒரு ஸ்கிரிப்டை இறக்கி, படித்தும் பாராமல், நம் இரகசியங்கள் இருக்கும் இடத்திலேயே அதை ஓட விடுவது என்ற பழக்கம், ஒரு சதவீத எண்ணை முகப்பில் மின்ன வைப்பதற்காக நாம் கொடுத்த விலை. அழுத்திச் சுருக்கினால் சிறு இடத்தில் அடங்கிவிடும் பதிவுகளைப் பாதுகாக்க நமக்கு இடமில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் உரிய முழுக் கவரேஜ் பதிவு, அதன் ஐந்து விவரங்களோடு, நிரல் இருக்கும் களஞ்சியத்திலேயே நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். இயங்குதளம்தோறும் விளைந்த பதிவுகளைத் தனித்தனியாகவும் தொகுத்தும் காத்துவைக்க வேண்டும். கணக்கிலிருந்து விலக்கப்படும் ஒவ்வொரு வரிக்கும் காரணமும், விலக்கியவர் பெயரும் எழுதப்பட வேண்டும். ஒரு திருத்தம் வரும்போது பராமரிப்பாளர் கேட்க வேண்டிய கேள்வி, இதனால் புதிதாக ஓடாமற்போன வரிகள் யாவை என்பது ஒன்றே. அதற்கு விடை ஒரு பட்டியலாக இருக்க வேண்டும், எண்ணாக அல்ல. சதவீதம் என்ற அந்த எண்ணைத் திருத்திப் பயன்படுத்தலாம், தளர்த்திப் பயன்படுத்தலாம் என்ற சமரசங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை. திறமூல உலகிலிருந்து அது முற்றிலும் விலக்கப்பட வேண்டும். அதை முகப்பில் தாங்கி நிற்கும் திட்டம் எதையும் பயனர்கள் நம்பலாகாது.

என்னுடைய திருத்தம் இன்னும் வாசலில்தான் நிற்கிறது. திட்டத்தில் எந்தச் சோதனையும் தொடாத வரிகள் அனைத்தையும், கோப்பின் பெயரோடும் வரி எண்ணோடும், சொந்த இயந்திரத்தில் தொகுத்து நேற்று அதனுடன் இணைத்திருக்கிறேன். பராமரிப்பாளர்கள் சதவீதத்தை மூடிவைத்துவிட்டு அந்தப் பட்டியலை ஒருமுறை படிக்கட்டும்.