மனுவுக்கு வெளியே நிற்கும் மனுசங்க

விழுப்புரம், திண்டிவனம் பக்கமிருந்து நமக்கு வரும் கதைகளைத் தொடர்ந்து படித்து வருகிறோம். எழுதுகிறவர்களில் பாதிப்பேர் வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போய்வந்து ராத்திரியில் எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். கதைகளில் பொய் கிடையாது. எல்லாம் நடந்ததுதான். ஆனால் பத்துக் கதை படித்தால் பத்திலும் ஒரே ஆள்தான் வருகிறான். அடி வாங்குகிறான், அழுகிறான், கடைசிப் பத்தியில் கையை முறுக்கிக்கொண்டு நிமிர்கிறான். எதைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு வரும், யாரிடம் கடன் வாங்கியிருக்கிறான், பொண்டாட்டியை எப்படிக் கூப்பிடுவான், ஒன்றும் தெரியவில்லை. எதிரில் நிற்கிறவனுக்கோ மீசை மட்டும்தான் இருக்கிறது.

இதைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வருகிறது. “பட்ட அடியச் சொல்றதுக்கே இன்னும் எடம் கெடைக்கல. அதுக்குள்ள பாத்திரப் படைப்பு, அழகியல்னு அவங்க பாஷையில பேசறீங்களே?” என்கிறார்கள். தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை. அழகியல் என்ற தடியை வைத்து நம் எழுத்தைப் புறவாசலிலேயே நிறுத்தியவர்கள் உண்டு. ‘இதெல்லாம் இலக்கியமா, கோஷமா?’ என்று கேட்டவர்களை நாம் மறக்கவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்வதற்காக இதை எழுதவில்லை. நம் கதைக்குள் நம் ஆள் முழுசாக வரவில்லையே என்பதுதான் நமக்குள்ள கவலை.

ஏன் வரவில்லை? நமக்கு முதலில் கைவந்த உரைநடை மனு. ‘ஐயா, நான் மேற்படி விலாசத்தில் குடும்பத்துடன் வசித்து வருகிறேன். நான் இந்து ஆதிதிராவிடர் வகுப்பைச் சேர்ந்தவன்’ என்று தொடங்கும் அந்த எழுத்து நம் தெருவில் எல்லாருக்கும் மனப்பாடம். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து எழுதியிருக்கிறோம், ஸ்டேஷனில் எழுதியிருக்கிறோம். மனு எழுதுவது சின்ன வேலை இல்லை. திண்டிவனத்தில் இருந்துகொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணி பழங்குடி இருளர்களுக்காக இத்தனை ஆண்டுகள் நடத்திய போராட்டத்தில் பெரும்பகுதி மனுவும் புகாரும் வழக்கும்தான். அது இல்லையென்றால் பல குடும்பங்கள் கேட்பாரற்றுப் போயிருக்கும்.

ஆனால் மனுவுக்கு ஒரு கட்டாயம் இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் புகார் கொடுத்தால் உங்கள் சாதி வேண்டும், அடித்தவனின் சாதி வேண்டும், சாதிப் பெயர் சொல்லித் திட்டியிருந்தால் அது பொதுமக்கள் பார்வையில் நடந்ததா என்பது வேண்டும். அன்றைக்கு உங்கள் சித்தப்பா ஒரு குவார்ட்டர் போட்டிருந்தார், பதிலுக்கு நாலு கெட்ட வார்த்தை சொன்னார் என்றால், “அத எழுதாதப்பா” என்பார் வக்கீல். சரியாகத்தான் சொல்கிறார். எதிராளி அதைப் பிடித்துக்கொண்டு எதிர்வழக்குப் போடுவான். ஆகவே மனுவில் வரும் நம் ஆள் குடிக்க மாட்டான், திட்ட மாட்டான், ஆசைப்பட மாட்டான், பயந்து ஓடியிருக்கவும் மாட்டான். மாசு மரு இல்லாமல் அடி மட்டும் வாங்குவான். வக்கீல் எழுத வேண்டாம் என்ற இடம் இருக்கிறதே, அந்தச் சித்தப்பா குடித்துவிட்டுத் திட்டிய அந்த இடம், கதை ஆரம்பிக்க வேண்டியது அங்கேதான். நாமோ கதையையும் வக்கீலிடம் காட்டிவிட்டுத்தான் எழுதுகிறோம்.

1978 ஜூலையில் விழுப்புரம் பெரிய காலனியைத் தாக்கி நம் மக்கள் 12 பேரைக் கொன்றார்கள். பன்னிரண்டு என்ற எண் நம் மேடைகளில் இன்றும் வருகிறது. வரத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பன்னிரண்டில் ஒவ்வொருத்தருக்கும் அன்று காலையில் ஒரு வேலை இருந்திருக்கும். யாரோ ஒருத்தர் யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு சாப்பிடாமல் கிளம்பியிருப்பார். எண்ணிக்கையைப் பத்திரிகை வைத்திருக்கிறது, கோர்ட்டு வைத்திருக்கிறது. சாப்பிடாமல் கிளம்பியதைக் கதைதான் வைத்திருக்க முடியும்.

நாம் எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதுவார்கள். 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்தார்கள். அதை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய ‘குருதிப்புனல்’ 1975இல் வந்தது, 1977இல் சாகித்ய அகாதெமி பரிசும் வாங்கியது. அந்த நாவலைப் படியுங்கள், கட்டாயம் படியுங்கள். டெல்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் யோசிக்கிறார்கள், விவாதிக்கிறார்கள், குழம்புகிறார்கள். நிலக்கிழார் கண்ணையா நாயுடுவுக்கு ஆண்மைக் குறைவு, அதனால் வந்த மனக்கோணல் என்று உள்மனசு கொடுக்கப்பட்டிருக்கிறது. எரிந்துபோனவர்களுக்கு உள்மனசு எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். கூலிப் போராட்டத்துக்கு விழுந்த நெருப்பை ஒரு ஆளின் படுக்கையறைக் குறையோடு முடிச்சுப் போட்டதற்கு அன்றே எதிர்ப்பு வந்தது. நமக்கு அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இதில் இருக்கிறது. ஒரு நாவலில் யாருக்கு மனசு கொடுக்கிறோம், யாரைக் கூட்டமாக நிறுத்துகிறோம் என்பது அரசியல். அந்த வேலையை அவர்கள் நமக்குச் செய்தார்கள். நாமே நமக்குச் செய்துகொண்டால் என்னவென்று சொல்வது?

நாவல் படிக்காமல் கதை எழுத வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டுரை படிக்கிறார்கள், அம்பேத்கரைப் படிக்கிறார்கள், நல்லது. ஆனால் கட்டுரையிலிருந்து கதைமாந்தர் பிறப்பதில்லை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நூலகங்கள் இருக்கின்றன. சந்தா கட்டி எடுங்கள். ஒரு நாவலை முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை ஒரே ஒரு ஆளின் பின்னால் போங்கள். அவர் முதலில் எப்போது வருகிறார், வரும்போது கையில் என்ன வைத்திருக்கிறார், எப்போது வாயை மூடிக்கொள்கிறார், யார் முன்னால் குரல் மாறுகிறது?

பூமணியின் ‘வெக்கை’யை (1982) இப்படிப் படித்துப் பாருங்கள். 2019இல் ‘அசுரன்’ படம் பார்த்ததோடு நின்றுவிட்டவர்களும்தான். பதினைந்து வயசுப் பையன் சிதம்பரம் தன் அண்ணனைக் கொன்ற வடக்கூரானை வெட்டுகிறான். அது முதல் பக்கங்களிலேயே முடிந்துவிடுகிறது. நம்மில் ஒருவர் எழுதியிருந்தால் வெட்டைக் கடைசிப் பத்திக்குத்தான் கொண்டுபோயிருப்போம். பூமணி அதற்கப்புறம் அப்பனும் பிள்ளையும் காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து கிடக்கும் நாட்களை எழுதுகிறார். என்ன தின்றார்கள், எங்கே படுத்தார்கள், அம்மாவைப் பற்றி என்ன பேசினார்கள். வெட்டியவன் ஒரு சின்னப் பையன் என்பது அப்போதுதான் நமக்கு உறைக்கிறது. வீரத்தைச் சொல்லாமலேயே வீரம் தெரிகிறது.

நம் பக்கத்துக்கே வருவோம். விழுப்புரத்துக்காரர் விழி.பா. இதயவேந்தன் 2022இல் மறைந்தார். ‘நந்தனார் தெரு’, ‘வதைபடும் வாழ்வு’ தொகுப்புகளைத் தேடிப் பிடித்துப் படிக்கவேண்டும். நம் சேரிப் பேச்சை, இந்த விழுப்புரத்துப் பேச்சை, அச்சில் ஏற்றியதற்கே அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பக்கத்திலேயே இன்னொருத்தர், இமையம். ‘கோவேறு கழுதைகள்’ 1994இல் வந்தபோது நம் ஆட்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. பறையர் வீடுகளுக்குத் துணி வெளுக்கும் குடும்பம், அதில் ஆரோக்கியம் என்ற பெண். அவளுக்குப் படியளக்கிற சேரி அவளை எப்படி நடத்துகிறது என்று நாவல் காட்டுகிறது. ‘ஊர்க்காரன் செய்த கொடுமையை விட்டுட்டு நம்மளையே குத்தம் சொல்றானே’ என்றார்கள். அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி நழுவ விருப்பமில்லை. ஆரோக்கியத்தை எழுதியது சரி என்பதே நம் நிலை. அவள் கலகக்காரி இல்லை. பழைய முறை கைவிட்டுப் போகிறதே, வீடுவீடாய்ச் சோறு எடுக்கிற உறவு அறுந்து போகிறதே என்று அழுகிறவள். அடிமை முறை உடைவதற்கு அழுகிற ஒரு பெண்ணை வாசகன் வெறுக்க முடியாமல் கூடவே நடக்கிறான். நம் கொள்கைக்கு ஒத்துவராத ஆள்தான், இருந்தும் அவளை விட்டுவிட முடியவில்லை. இப்படி ஒரு ஆளை நம்மில் எத்தனை பேர் உருவாக்கியிருக்கிறோம்? நமக்குக் கீழே ஒருத்தரை வைத்திருக்கிறோம் என்பதை நாம் எழுதாமல் வேறு எவன் எழுதுவது?

எழுதப் பழகுகிற தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறோம். பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. உங்கள் கதையில் வரும் ஆளை யார் யார் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். அறுபது வயசுக்காரர் என்று வையுங்கள். ரேஷன் கார்டில் அந்தோணிசாமி. ஊர்த்தெருவில் பத்து வயசுப் பொடியனுக்கு அவர் ‘டேய் அந்தோணி’. சேரியில் ‘பெரிப்பா’. வீட்டுக்காரி ‘யோவ்’ என்பாள், பிள்ளைகள் ‘நைனா’ என்பார்கள். சென்னையில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் ‘மேஸ்திரி’. இந்த ஒவ்வொரு பேருக்கும் அவர் உடம்பு ஒவ்வொரு மாதிரி நிற்கும். ‘மேஸ்திரி’க்கு நிமிரும் முதுகு ‘டேய்’க்கு என்ன ஆகிறது? பொடியனிடம் ‘இன்னா ஆண்டே’ என்று பல்லைக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்து யார் மேல் எரிந்து விழுகிறார்? அதே தெருவில் அவர் மகன் அதே பொடியனின் அப்பனைப் பார்த்து ‘இன்னாண்ணா’ என்கிறான். ‘ஆண்டே’ போய் ‘அண்ணா’ வந்ததற்கு முறைத்துக்கொண்டு நிற்கிறான் அவன். மகன் சொன்ன ‘அண்ணா’ கேட்டு அந்தோணிசாமிக்குப் பெருமையா, பயமா? இரண்டும்தான். அந்த இரண்டும் ஒரே முகத்தில் எப்படி வருகிறது என்று எழுதத் தெரிந்துவிட்டால் போதும், ‘சாதிக் கொடுமை’ என்ற வார்த்தையே கதைக்கு வேண்டாம்.

எதிராளிக்கும் இதே கணக்குத்தான். இமையத்தின் ‘பெத்தவன்’ 2012இல் வந்தது. தலித் பையனை விரும்பிய மகளைக் கொல்லச் சொல்லி ஊர் கூடி முடிவெடுக்கிறது. அப்பன் பழனி அவளைத் தப்பவிட்டுவிட்டுத் தான் செத்துப்போகிறான். சாதி இந்துவான அந்த அப்பனுக்கு மனசு கொடுத்ததால் சாதி தப்பித்துக்கொண்டதா? இல்லை. சாதி தன் ஆளையே எப்படித் தின்னும் என்று அங்கே தெரிகிறது. மீசையை மட்டும் எழுதினால் வாசகன், ‘நான் இவனில்லையே’ என்று நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவான். அவனைத் தூங்கவிடலாமா?

கறுப்பர் இலக்கியத்தில் இந்தச் சண்டை முன்பே நடந்திருக்கிறது. எதிர்ப்பு நாவல் என்ற வகையே கறுப்பரை மனிதராகப் பார்க்கவிடாமல் செய்கிறது என்று 1949இல் ஜேம்ஸ் பால்ட்வின் எழுதினார். தனக்கு வழிகாட்டிய ரிச்சர்ட் ரைட்டின் நாவலையே அதில் குறை சொன்னார், உறவு கெட்டது. டோனி மாரிசன் செய்தது நமக்கு இன்னும் பக்கத்தில் நிற்கிறது. 1856இல் மார்கரெட் கார்னர் என்ற அடிமைப்பெண் பிள்ளைகளோடு தப்பி ஓடி, பிடிபடும் நேரத்தில் தன் இரண்டு வயது மகளைத் தன் கையாலேயே கொன்றாள். பழைய பத்திரிகை நறுக்கு ஒன்றில் மாரிசன் அதைப் படித்தார். அந்தப் பெண்ணைப் பற்றி மேலும் மேலும் தோண்டாமல் நிறுத்திக்கொண்டு, செய்தியில் இல்லாத அவள் மனசைத் தானே உண்டாக்கினார். 1987இல் ‘பிலவ்ட்’ வந்தது. அதில் சேத் என்ற தாய் குற்றவாளியா, தியாகியா என்று யாராலும் ஒரு வார்த்தையில் சொல்ல முடியாது. நம்மிடமும் நறுக்குகள் குவிந்து கிடக்கின்றன.

பெண்களை எழுதுவது பற்றி ஒரு வார்த்தை. வரும் கதைகளில் நம் பெண்கள் ஒன்று கெடுக்கப்படுகிறார்கள், இல்லையென்றால் பிள்ளையை நினைத்து அழுகிறார்கள். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்துவிட்டு வருகிறவள் பேசுகிற கிண்டல் பேச்சு ஒரு வரியாவது வரவேண்டாமா? சிவகாமி ‘பழையன கழிதலும்’ (1989) நாவலில் காத்தமுத்து என்ற நம் தலைவரையே வீட்டுக்குள் வைத்துப் பார்த்தார். ஊருக்கு நியாயம் பேசுகிறவர் வீட்டில் என்ன செய்கிறார் என்று மகள் கௌரியின் கண் பார்க்கிறது. அதோடு விடவில்லை. ‘ஆசிரியர் குறிப்பு’ என்று 1997இல் இன்னொரு புத்தகம் எழுதி, அந்த நாவலில் எதைச் சொன்னேன், எதை விட்டேன் என்று தன்னையே குடைந்து கேட்டார். தமிழில் இப்படித் தன் பாத்திரங்களிடம் திரும்பப் போய்க் கணக்குக் கேட்டவர்கள் குறைவு. இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

அடுத்த இதழில் ஆரோக்கியத்துக்கென்று பக்கங்கள் ஒதுக்குகிறோம். ‘கோவேறு கழுதைகள்’ படித்தவர்கள், இதுவரை படிக்காமல் திட்டியவர்கள் படித்துவிட்டு, நாலு பக்கத்துக்குள் எழுதி அனுப்புங்கள். நாவல் சரியா தப்பா என்ற தீர்ப்பு வேண்டாம். ஆரோக்கியம் உங்கள் தெருவில் எந்த வீட்டு வாசலில் நின்றாள், உங்கள் ஆயா அவளை என்ன சொல்லிக் கூப்பிட்டாள், எந்தப் பாத்திரத்தில் சோறு போட்டாள், அதை எழுதுங்கள்.