லீ மலை அடிவாரத்து வெந்நீர்

சியான் போகிற நம்மாட்கள் பெரும்பாலும் சுடுமண் வீரர்களைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலைப் பிடித்துவிடுவார்கள். அதற்குப் பக்கத்திலேயே, லீ மலை அடிவாரத்தில் இருக்கிற ஹுவாசிங் அரண்மனைக்கும் அரை நாள் ஒதுக்குங்கள். மெட்ரோ 9ஆம் லைனிலேயே போய் இறங்கலாம். வெந்நீர் ஊற்று என்றதும் நீச்சல் உடையை எடுத்து வைக்க வேண்டாம். பேரரசர்கள் குளித்த தொட்டிகள் எல்லாம் இப்போது காய்ந்த கல்தான். ஊற்று மட்டும் இன்னும் 43 டிகிரி சூட்டில் வந்துகொண்டே இருக்கிறது.

தாங் வம்சத்துப் பேரரசர் சுவான்சோங் 747ல் இந்த இடத்தை விரிவாக்கி ஹுவாசிங் என்று பெயர் வைத்தார். குளிர்காலம் வந்தால் அரசவையே இங்கே குடிபெயர்ந்துவிடும். (நம் ஊர்த் தொடர்பு ஒன்றும் உண்டு. 720ல் காஞ்சிப் பல்லவ மன்னர் தூது அனுப்பி, தன் படைக்கு ஒரு பெயர் சூட்டச் சொல்லிக் கேட்டது இதே சுவான்சோங்கிடம்தான்.) 1980களில் அகழாய்வு செய்து எடுத்த தொட்டிகளுக்கு மேலேயே கூரை போட்டு மியூசியம் ஆக்கியிருக்கிறார்கள். பேரரசரின் தாமரைத் தொட்டி பத்து மீட்டருக்கு மேல் நீளம். அவருடைய பிரியத்துக்குரிய யாங் குய்ஃபெய்க்குக் கட்டியது மூன்றரை மீட்டர்தான், ஆனால் ஒரு பூவின் வடிவத்தில், இரண்டு அடுக்காகச் செதுக்கியது. நான் அதிக நேரம் நின்றது அங்கேதான்.

அங்கே இருவரையும் சேர்த்து வரைந்த படத்தைப் பார்த்து என் எட்டு வயது மகள், "இவங்க ராஜாவோட பொண்ணாப்பா?" என்று கேட்டாள். மனைவி, 'நீங்களே சொல்லுங்க' என்பது போல ஒரு பார்வை பார்த்தாள்.

மகள் இல்லை, மருமகள். சுவான்சோங்கின் மகன் ஒருவருக்கு மனைவியாக இருந்தவர். பேரரசர் ஆசைப்பட்டதும் அவரைத் தாவோ மதத் துறவியாக்கி, மகனுக்கு வேறு கல்யாணம் செய்து வைத்து, 745ல் குய்ஃபெய் என்ற பட்டத்தோடு தன் பக்கம் வைத்துக்கொண்டார். அப்போது அவருக்கு அறுபது வயது, அவளுக்கு இருபத்தாறு. "அவங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?" என்றாள் மகள். கேட்டதாக எங்கேயும் எழுதி வைக்கவில்லை என்றேன்.

755 குளிர்காலத்தில் பேரரசர் இதே அரண்மனையில் இருக்கும்போதுதான் தளபதி ஆன் லூஷான் கலகம் செய்த செய்தி வந்தது. மூன்று எல்லை மாகாணங்களின் படையை அந்த ஒரே ஆளிடம் கொடுத்து வைத்தவர் பேரரசர். அடுத்த வருஷம் தலைநகரை விட்டு ஓடும் வழியில், மாவெய் என்ற இடத்தில், காவல்படை நகர மறுத்தது. முதலில் யாங் குடும்பத்து மந்திரியைக் கொன்றார்கள். பிறகு, அவளும் சாகவேண்டும் என்றார்கள். பேரரசர் ஒத்துக்கொண்டார். கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவர் தப்பித்துப்போய், ஆறு வருஷம் கழித்து வயதாகிச் செத்தார்.

இதைத்தான் வெளியே காதல் கதையாக விற்கிறார்கள். வளாகத்தில் அவளுக்கு வெள்ளைச் சிலை. ராத்திரியானால் ஏரியே மேடையாக, நிஜ மலையே பின்னணியாக, ஒரு பிரம்மாண்ட நடன நாடகம். பார்க்க அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் பகலில் அந்தத் தொட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு வேறு மாதிரி இருக்கும்.

இந்த மலைக்கு இது வழக்கம் போலிருக்கிறது. இதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் முன்னாலேயே, பாவ் சி என்ற ராணியைச் சிரிக்க வைக்க ஜோ மன்னன் இங்கே பொய்யாக எச்சரிக்கைத் தீ மூட்டினான், நிஜ எதிரி வந்தபோது உதவிக்கு யாரும் வரவில்லை என்று ஒரு கதை. தீ மூட்டியவன் மன்னன், பழி சிரித்தவளுக்கு. 1936ல் சியாங் கை-ஷேக்கை அவருடைய சொந்தத் தளபதிகளே பிடித்ததும் இங்கேதான். பல்செட்டைக்கூட எடுக்காமல் மலையேறி ஒளிந்தார். அவர் தங்கிய அறையின் ஜன்னலில் துப்பாக்கிக் குண்டு துளைத்த ஓட்டையைக் காட்டுகிறார்கள். அந்தச் சம்பவத்துக்கு மட்டும் எந்தப் பெண்ணும் பொறுப்பில்லை.

நேரம் இருந்தால் சியானுக்கு மேற்கே மாவெய் வரைக்கும் போகலாம். யாங் குய்ஃபெய் பெயரில் ஒரு கல்லறை இருக்கிறது. அழகு வரும் என்று பெண்கள் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு போய் முகத்தில் பூசினார்களாம். மேடு கரையத் தொடங்கியதும் மேலே செங்கல் வைத்து மூடிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள்.